மேட்டில் மட்டும் கத்துகிற வண்டி

மே 9, வெள்ளி

ஏலக்காய்க் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. டீசல், டயர், எந்த நாள் யாருக்கு மூட்டை ஏற்றினேன், இவ்வளவுதான் இதுவரை எழுதி வந்தேன். இன்று வயிற்றெரிச்சலை எழுதப்போகிறேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

என் ஒரே மகள் நாகஜோதிக்கு இன்று போடியில், அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். வளையல் போட்டு, ஏழு வகைச் சோறு ஊட்டி, அதே கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போவது எங்கள் முறை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதற்காக என் வீட்டுக்காரி பவுன்தாய் ஜீப்பின் பின்பக்கம் மெத்தை விரித்து, தலையணை வைத்து, கல்யாண வண்டி மாதிரி ஜோடித்திருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் தெருமுனையில் நின்ற வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். வண்டி ஊ... என்று கத்தியது. ஒரு மாதமாகக் கத்துகிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. பின்பக்க டிப்ரன்சியல் சத்தம். எஞ்சினிலிருந்து வருகிற சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பூசணிக்காய் அது. உள்ளே பல்லோடு பல் தேய்ந்தால் கத்தத்தான் செய்யும். மலை வண்டி என்றால் அப்படித்தான்.

சம்பந்தியம்மா அன்னமயில் வாசல்படியில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். மாவு மில் வைத்து நடத்துகிற பொம்பளை. மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசினாலே தெரு முழுக்கக் கேட்கும்.

"என்னாண்ணே, சங்கு ஊதிக்கிட்டு வர்றீக?"

வளைகாப்பு வீட்டில் சங்கு என்று வாயில் வரலாமா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கிரவுன் சத்தம் சம்பந்தியம்மா. ஒண்ணுஞ் செய்யாது."

"ஒண்ணுஞ் செய்யாதுன்னா எதுக்குக் கத்துது? ராத்திரி வலி கண்டா பிள்ளைய எதுல எறக்குவீக? இதுலதான? வழியில நின்னு போச்சுன்னா? மொதல்ல வண்டியச் சரி பண்ணுங்க. சத்தமில்லாம இந்த வாசல்ல வந்து நில்லுங்க, மறுபேச்சில்லாம அனுப்பி வைக்கிறேன்."

ஊர் மொத்தமும் பார்க்கிறது. எங்கள் ஊர் மந்திச்சுனைக்கு ஏறுகிற பாதையில் நான் வண்டி ஓட்டத் தொடங்கியபோது இந்த அம்மாவுக்கு ஜீப்பில் எந்தப் பக்கம் ஏறுவது என்றே தெரிந்திருக்காது. எத்தனை பிரசவத்தை இறக்கியிருக்கிறேன் இதே வண்டியில். ஒன்றைத் தவிர எல்லாம் சுகப்பிரசவம். சரி, அது எதற்கு இப்போது.

நாகஜோதி மாமியார் முதுகுக்குப் பின்னால் வளையலைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டு நின்றாள். "எங்கப்பா வண்டிக்கு என்ன அத்தை குறை" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியாருக்கு அவ்வளவு பயம்.

வெறும் மெத்தையை ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம்.

மே 10, சனி

பவுன்தாய் மெத்தையைச் சுருட்டி மூலையில் போட்டாள். வேறு ஜீப்பில் கூட்டி வரலாமே என்று மைத்துனன் போனில் யோசனை சொன்னான். என் மகளை இன்னொருத்தன் வண்டியில் ஏற்றுவதா? போனை வைத்துவிட்டேன்.

மே 12, திங்கள்

போடியில் சர்புதீன் பாய் பட்டறை. மலை ஜீப்புகள் எல்லாம் அவரிடம்தான் வரும். பாய் பின்பக்கம் குப்புறப் படுத்து, தரைத் தகட்டில் காதை வைத்துக்கொண்டார். தேனி ரோட்டில் ஓட்டச் சொன்னார்.

"அண்ணே, அழுத்தும்போது கத்துதா, காலை எடுத்தா கத்துதா?"

"ரெண்டுக்கும் கத்துது."

"அப்ப உங்க மாதிரியேதான்."

எனக்கிருக்கிற எரிச்சலில் இவர் வேறு. அழுத்தும்போது மட்டும் கத்தினால் பல்லின் ஒரு பக்கம் தேய்வு, காலை எடுத்தால் மட்டும் கத்தினால் மறுபக்கம், இரண்டுக்கும் கத்தினால் பேரிங்கும் சேர்ந்து போயிருக்கும் என்றார். பட்டறைக்கு வந்து கழற்றினோம். ஆயிலை வடித்தால் ஜிகினா ஜிகினாவாக இரும்புத் தூள் மின்னுகிறது. பெரிய சக்கரமான கிரவுனில் இரண்டு பல் மூளியாகிவிட்டது. அதைச் சுற்றுகிற சின்னப் பல் சக்கரம் பினியன், அதன் பேரிங் கையில் எடுத்தால் கடகடவென்று ஆடுகிறது.

கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். புது ஜோடி வர இரண்டு வாரம் பிடிக்குமாம். இரண்டு வாரத்தில் என் பேரப்பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிடும் என்றேன். மதுரையில் பழைய இரும்புக் கடையில் நானே போய் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"எடுங்க. எந்த வண்டியில கழட்டினதுன்னு கேட்டு எடுங்கண்ணே."

எனக்கே பாடமா?

மே 14, புதன்

மதுரை. வெயில் மண்டையைப் பிளந்தது. என்னுடைய பழைய கிரவுனைச் சாக்கில் சுற்றிக் கையோடு கொண்டுபோனேன், அளவு பார்க்க. நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. பழையதைப் புதியதின் மேல் வைத்துப் பார்த்தேன். அகலம் ஒன்று, போல்ட் ஓட்டை ஒன்று, அச்சு அசல். ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு மூளி இல்லை, ஒரு தேய்வு இல்லை. மழமழவென்று இருந்தது. எந்த வண்டியில் கழற்றியது என்று கேட்டேன். கடைக்காரன் வெற்றிலை போட்டுக்கொண்டு "ஜீப்புதாண்ணே" என்றான். அது போதாதா? ஜீப்பில் கழற்றியது ஜீப்புக்குத்தானே சேரும்.

பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரன் இறங்கும்வரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மே 16, வெள்ளி

காலை முழுக்கப் பட்டறை. பல்லும் பல்லும் சரியான இடத்தில் தொடுகிறதா என்று பார்க்கச் சிவப்புப் பசை தடவிச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். பாயிடம் பசை தீர்ந்துபோயிருந்தது. வண்டியில் குலசாமி குங்குமம் இருந்தது. எண்ணெயில் குழைத்துத் தடவினோம். சுற்றினால் தடம் பல்லின் நட்ட நடுவில், பொட்டு வைத்த மாதிரி விழுந்தது.

"உங்க சாமியே சரின்னுடுச்சு. இனி நான் என்ன சொல்றது" என்றார் பாய்.

தேனி ரோட்டில் ஓட்டினோம். சத்தம் இல்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நேரே அன்னமயில் வாசலில் போய் நிற்கலாம் என்று கை துறுதுறுத்தது. பவுன்தாயையும் அழைத்துக்கொண்டு முறையாக வருவோம் என்று அடக்கிக்கொண்டு மலை ஏறினேன்.

நாலாவது வளைவோடு தார் ரோடு முடிகிறது. அதற்கு மேல் கல் பாதை. முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற குச்சியை வழக்கம்போல் இழுத்துவிட்டு ஏறினேன். ஐந்தாவது வளைவில் ஆரம்பித்தது. முன்பு இருந்த ஊ... இல்லை. இது கர்ர்ர், கடக், கர்ர்ர். ஆட்டுக்கல்லில் சல்லிக்கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி. டயர்கள் தானாகவே சறுக்குகின்றன. மேலே போய்க் குச்சியைத் தள்ளினால் இறுகிப்போய் வரமாட்டேன் என்கிறது. ரிவர்ஸ் எடுத்துக் கொஞ்சம் உருட்டிய பிறகுதான் விட்டது.

பாய் என்ன கிழித்தார் என்று தெரியவில்லை. நாளை இருக்கிறது அவருக்கு.

மே 17, சனி

பாய் பட்டறைக்குப் பூட்டு. சொந்தத்தில் கல்யாணமாம்.

மே 19, திங்கள்

சண்டை. "மேட்டுல கத்துது பாய்" என்கிறேன். அவர் தேனி ரோட்டில் ஓட்டிக் காட்டுகிறார். சத்தமே இல்லை. நாய்க்குட்டி மாதிரி சாதுவாக ஓடுகிறது.

"எங்கண்ணே சத்தம்?"

"இங்கிட்டு இருக்காதுய்யா. மேல வந்து பாரு."

"மலைக்கா? மூணு வளைவு ஏறினா எனக்குக் கொடலே வெளிய வந்துரும்ணே. வாந்தி."

மலை ஜீப்புகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மனுஷன், மலையை அடிவாரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இத்தனை வருடமாக இது எனக்குத் தெரியாது. தலையில் அடித்துக்கொண்டேன். பாரம் ஏறும்போது பல் விலகுகிறதோ என்னவோ என்று சொல்லி, மறுபடி கழற்றி, மெல்லிய வாசர் ஒன்று போட்டு இறுக்கினார். மேலே ஏறினேன். கர்ர்ர், கடக்.

மே 22, வியாழன்

மூன்றாம் முறை. இந்தத் தடவை பேரிங்கையே மாற்றினார். கீழே சத்தமில்லை. மேட்டில் இருக்கிறது.

ஊரில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். டீக்கடைக்காரன் "ஆயில் கெட்டி பத்தல" என்கிறான். காப்பித் தோட்டத்து மேஸ்திரி "ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிருக்கும்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி எலுமிச்சம்பழம் கட்டச் சொல்கிறாள். வண்டியை ஒருநாள்கூட ஓட்டாதவன் எல்லாம் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "ம்ஹூம்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறான். அதுதான் இருப்பதிலேயே எரிச்சல்.

பழைய கிரவுனைப் பவுன்தாய் கோழி கவிழ்க்கிற கூடைமேல் பாரமாக வைத்துவிட்டாள். அதற்காவது உதவட்டும்.

மே 25, ஞாயிறு

பவுன்தாய் அரிசி வண்டியில் இறங்கிப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். நன்றாக இருக்கிறாளாம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம். மருமகன் ஜெயபாண்டி தினமும் வெந்நீர் வைத்து ஊற்றுகிறானாம். அவர்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றபடியே, "ஏங்க, ஒருவேள அவளுக்கே மனசுல..." என்று இழுத்தாள்.

"அவளுக்கு என்ன மனசுல?"

"இல்ல, மஞ்சுளாவுக்கு அன்னைக்கு..."

"அந்தப் பேச்ச எடுக்காத!"

கத்திவிட்டேன். கூடையிலிருந்த கோழி மிரண்டு படபடத்தது. யாருக்கு என்ன நடந்தால் என்ன? என் மகள் என் வீட்டுக்கு வரவேண்டும். தொட்டிலுக்கு உத்தரத்தில் கொக்கி அடித்து வைத்திருக்கிறேன், அது சும்மா தொங்குகிறது.

மே 26, திங்கள்

அன்னமயிலுக்குப் போன் போட்டேன். "மூணு தடவ பிரிச்சுப் பூட்டியாச்சு. ரோட்டுல சத்தமே கெடையாது. மேட்டுல லேசா இருக்கு, அம்புட்டுத்தான். நம்பலைன்னா நீங்களே வந்து உக்காந்து பாருங்க" என்றேன். வரமாட்டார் என்ற தைரியத்தில் சொன்னது. "புதன்கெழம மில்லுக்கு லீவு. வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

மே 28, புதன்

வந்தார். முன்சீட்டில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பரீட்சை பேப்பர் திருத்துகிற வாத்தியார் மாதிரி உட்கார்ந்தார். நாலாவது வளைவு வரை வாயைத் திறக்கவில்லை. கல் பாதை வந்தது. கர்ர்ர், கடக் ஆரம்பித்தது. நான் சத்தம் கேட்காத மாதிரி மிளகு விலையைப் பற்றிப் பேசினேன்.

"நிறுத்துங்கண்ணே."

நிறுத்தினேன். தொலைந்தது என்று நினைத்தேன்.

"அந்தக் குச்சிய இழுத்தீகள்ல? அதுக்கப்புறந்தான கத்துது?"

"மேடு சம்பந்தியம்மா. பாரம்."

"ரெண்டாவது வளைவும் மேடுதான? அங்க கத்தலையே. எங்க மில்லுல ஒரே மோட்டார்ல ரெண்டு பெல்ட்டு ஓடுது. ஒரு உருளைய மட்டும் அளவு மாத்திப் போட்டான் ஒருத்தன். இப்பிடித்தான் ஒண்ணு இழுக்க ஒண்ணு முரண்டு பிடிச்சுக்கிட்டு அலறுச்சு. குச்சிய எடுத்துட்டு ஏறுங்க பாப்போம்."

வண்டியை ரிவர்ஸில் உருட்டிக் குச்சியைத் தள்ளினேன். பின் சக்கரம் மட்டும் கல்லை வாரி அடித்துக்கொண்டு தத்தித் தத்தி ஏறியது. சத்தம் இல்லை. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். ஜெயித்த களை வரும் என்று பார்த்தால், கசாயம் குடித்த மாதிரி வைத்துக்கொண்டார். சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல வாயைக் கையால் பொத்திக்கொண்டார். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. பவுன்தாய் வைத்த கோழிக்குழம்பையும் சரியாகச் சாப்பிடவில்லை.

அவரை இறக்கிவிட்டுவிட்டுத் திரும்பிய பிறகு, கோழிக்கூடை மேலிருந்த பழைய கிரவுனை எடுத்துக் கொல்லைப்பக்கம் உட்கார்ந்தேன். சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணினேன். நாற்பத்து மூன்று.

மே 29, வியாழன்

பாய் மறுபடி கழற்றினார். மதுரையிலிருந்து நான் மடியில் சுமந்து வந்த கிரவுனை எண்ணினோம். அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை. முப்பத்தொன்பது. பினியன் இரண்டுக்கும் எட்டுப் பல்தான். மலை வண்டிக்கு ஒரு கணக்கு, சமவெளி வண்டிக்கு ஒரு கணக்கு. முன்பக்கம் நாற்பத்து மூன்று, பின்பக்கம் முப்பத்தொன்பது என்றால் பின் சக்கரம் வேகமாகச் சுற்றும், முன் சக்கரம் மெதுவாகச் சுற்றும். தனித்தனியே ஓடினால் தெரியாது. குச்சியை இழுத்து இரண்டையும் ஒன்றாகப் பூட்டினால், ஒரே நுகத்தில் குதிரையும் எருமையும்தான்.

"எல்லாப் பல்லையும் தடவிப் பார்த்தேன்னு சொன்னீகளேண்ணே" என்றார் பாய்.

"தடவினேன்."

"எண்ணலையா?"

"நீ மூணு தடவ பிரிச்சியே, நீ எண்ணலையா?"

"ஜீப்புல கழட்டினதுன்னீக. நான் உங்கள நம்பினேன்."

அப்புறம் பாய்தான் டீ சொன்னார். நாற்பத்து மூன்று பல்லில் புது ஜோடிக்குச் சொல்லியாயிற்று. அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். என் அவசரத்தை எந்தச் செருப்பால் அடிப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 2, திங்கள்

இரண்டு வாரம் என்ற புது ஜோடி, பாய் விடாமல் போன் போட்டுக் கேட்டதில் நாலே நாளில் வந்துவிட்டது. பூட்டினோம். குங்குமம் நடுப்பல்லில் விழுந்தது. நான் எதற்கும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன்.

நாலாவது வளைவு. குச்சியை இழுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஐந்து, ஆறு, ஏழு. சத்தம் இல்லை! எஞ்சின் தன் வேலையைப் பார்க்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. ஒன்பதாவது வளைவில் வாய்விட்டுச் சிரித்தேன், பைத்தியக்காரன் மாதிரி. பதினோராவது வளைவில் ஓடைத் தண்ணீர் விழுகிற சத்தம் வண்டிக்குள்ளேயே கேட்டது. அந்த இடத்தில் நான் இடதுபக்கம் பார்ப்பதில்லை, இன்றும் பார்க்கவில்லை.

பவுன்தாயை உட்கார வைத்து ஊரை இரண்டு சுற்றுச் சுற்றினேன். டீக்கடைக்காரன் வாயைப் பிளந்தான். புதன்கிழமை மகளைக் கூட்டிவரப் போகிறேன்.

ஜூன் 4, புதன்

எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதுகிறேன்.

நான் முதலில் போய்ப் பேசிவிட்டு வருகிறேன், நீ வீட்டைத் தயார் பண்ணு என்று பவுன்தாயை விட்டுவிட்டுத் தனியாக இறங்கினேன். அன்னமயில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். மில்லில் கரண்ட் இல்லை, தெரு அமைதியாக இருந்தது. டீசல் வண்டி எத்தனையோ அந்தத் தெருவில் வரும், போகும். பழைய ஊ... இருந்திருந்தால் தெருமுனையிலேயே "அப்பா வந்துட்டாரு" என்று தெரிந்திருக்கும். இன்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. அன்னமயில் குரல்தான் தெரு முழுக்கக் கேட்குமே.

"நேராச் சொல்லிரு தாயி. நான் எம்புட்டு நாளைக்கு வண்டி மேல பழியப் போடுறது? வளைகாப்பு அன்னைக்கு நீ என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதியேன்னு, வாய்க்கு வந்ததச் சொல்லி வச்சேன். அந்த மனுசன் அதையே பிடிச்சுக்கிட்டு மதுரைக்கும் போடிக்கும் நாயா அலையுறாரு. போதாததுக்கு, சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த மாதிரி, நானே குச்சியக் காட்டிக் குடுத்துட்டேன்."

"எப்படி அத்தை சொல்றது?" என்றாள் நாகஜோதி. "எங்க ஊரு மஞ்சுளாக்காவ அப்பா பிரசவத்துக்கு எறக்கயில, மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தது நான்தான். பதினோராவது வளைவுல பிள்ள பெறந்துச்சு. அழவே இல்ல. அப்பா அதுக்கு மேல வெரசா ஓட்டியிருக்க முடியாது. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா கண்ண மூடினா அந்த வளைவுதான் வருது எனக்கு. ஆஸ்பத்திரிய விட்டு மேல போகப் பயமா இருக்குன்னு சொன்னா, அப்பா தன்னயத்தான் சொல்றேன்னு நெனச்சு ஒடஞ்சு போயிருவாரு. வண்டி சத்தம் போட்ட வரைக்கும் நல்லாயிருந்துச்சு அத்தை."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இந்த ஒரு மாதமும் என் மகளைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று அந்த அம்மாவை எத்தனை திட்டுத் திட்டியிருப்பேன். மஞ்சுளா விஷயத்தை நான் யாரையும் பேச விட்டதில்லை. பேசாவிட்டால் அது இல்லாமல் போய்விடும் என்று இருந்துவிட்டேன். என் பிள்ளை தினமும் ராத்திரி அதோடு படுத்து எழுந்திருக்கிறாள்.

வண்டிக்குத் திரும்பினேன். தெருமுனை வரைக்கும் பின்னாலேயே எடுத்துப்போய், டாக்டர் வீட்டு மதில் ஓரம் மறைவாக நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். தூரத்திலிருந்தே இருமிக்கொண்டு, "சம்பந்தியம்மா!" என்று கூப்பிட்டேன்.

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். நாகஜோதி முகம் வெளிறிக் கிடந்தது.

"எங்கண்ணே வண்டி?" என்றார் அன்னமயில்.

"அந்தக் கருமத்த ஏன் கேக்குறீக. குச்சியும் இல்ல, மண்ணும் இல்ல. சத்தம் நிக்கவே இல்ல. முனையில போட்டுட்டு நடந்து வர்றேன். இந்த வண்டிய நம்பிப் பிள்ளத்தாச்சிய மேல ஏத்த முடியாது. நான் சொல்றேன், முடியாது. பவுன்தாய நாளைக்கு இங்க கொண்டாந்து விட்டுர்றேன். பிரசவம் இங்கனயே ஆகட்டும். தாய் வீடுன்னா தாய் இருக்கிற எடந்தான?"

"அப்பா..." என்றாள். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. என் வண்டி கெட்டுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை இன்றுதான் பார்க்கிறேன்.

அன்னமயில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

திரும்பும்போது பதினோராவது வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். இடதுபக்கம் பார்த்தேன். அழுதேன். எழுதிவிட்டேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 5, வியாழன்

"திங்கக்கெழம சத்தமே இல்லையே?" என்றாள் பவுன்தாய்.

"மறுபடி வந்துருச்சு."

என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைக் கட்டினாள். மலை இறங்குகிற வரைக்கும் வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் வந்தது. செக்போஸ்ட் தாண்டியதும், "ஆமாங்க, பயங்கரச் சத்தந்தான்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கியர் மாற்ற முடியவில்லை.

ஜூன் 11, புதன்

பாய் போன் போட்டுக் குதிக்கிறார். மாவு அரைக்கப் போன அவர் வீட்டம்மாவிடம், என் பேரைச் சொல்லி, மாயண்ணன் வண்டி இன்னும் சரியாகவில்லை என்று மில்லில் சொன்னார்களாம். "என் பேரக் கெடுக்கிறீகளேண்ணே, நியாயமா?" கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள் பாய் என்றேன். காரணம் சொல்ல முடியவில்லை. இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். தலைவிதி.

தினமும் போடிக்குப் போகிறேன். தினமும் டாக்டர் வீட்டு மதில் ஓரம் நிறுத்துகிறேன். டாக்டர் வீட்டு வாட்ச்மேன் முறைக்கிறான்.

ஜூன் 18, புதன்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். பிறந்ததும் வீல் என்று அழுதது. ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டது. இவ்வளவு நல்ல சத்தம் நான் கேட்டதே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்துவிட்டது. "மேல போலாம்ப்பா, பாப்பாவத் தொட்டில்ல போடணும்" என்று நாகஜோதிதான் சொன்னாள். வண்டி என்று நான் இழுத்தேன். "கத்தினா கத்திட்டுப் போகுது" என்றாள். பவுன்தாய் இரண்டு நாள் முன்பே மேலே போய்விட்டாள். பின்பக்கம் அதே மெத்தை. முன்சீட்டில் பாப்பாவோடு நாகஜோதி. துணைக்கு வருகிறேன் என்று அன்னமயிலும் பின்னால் ஏறிக்கொண்டார்.

நாலாவது வளைவில் குச்சியை இழுத்தேன். பாப்பா முழித்துக்கொண்டு தூசியைப் பார்த்தது. ஐந்தாவது வளைவு போயிற்று, எட்டாவது போயிற்று. நாகஜோதி சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். பதினோராவது வளைவில் ஓடைச் சத்தம் உள்ளே வந்தது. அவள் இடதுபக்கம் பார்த்தாள், பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"சத்தமே இல்லையேப்பா. எப்பப்பா சரியாச்சு?"

பின்னால் அன்னமயில் இருமினார்.

"இப்பத்தான் தாயி" என்றேன்.